விசுவாசமான நட்சத்திர வீரரை அனுப்பிவிடலாமா? சிறு சந்தை அணிகளின் கணக்கு

அமெரிக்கக் கூடைப்பந்தில் கோடை வந்தால் ஒரு சண்டையும் கூடவே வந்துவிடும். சின்ன நகரத்து அணி ஒன்று. அங்கே பல ஆண்டுகளாக ஆடிவரும், வேறெங்கும் போக மனமில்லாத ஒரு பெரிய வீரர். கோப்பை மட்டும் கைக்கு வரவில்லை. "அவரை அனுப்பிவிட்டு இளைஞர்களை வைத்துப் புதிதாகத் தொடங்குங்கள்" என்பார்கள் ஒரு சாரார். "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்று மறுசாரார் கொதிப்பார்கள். முதல் சாரார் இதை வெறும் துணிச்சல் விஷயமாகப் பார்க்கிறார்கள், மறுசாரார் நன்றி விஷயமாகப் பார்க்கிறார்கள். டிரேட் எனப்படும் வீரர் பரிமாற்றம் எப்படி நடக்கிறது, அதில் என்ன கிடைக்கும், எப்போது கிடைக்கும் என்பதைப் பற்றி இரு தரப்பும் அதிகம் பேசுவதில்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரசிகர்கள் நினைப்பதைவிட அதிக சமயங்களில் இப்படிப்பட்ட டிரேட் சரியான முடிவுதான். ஆனால் ஊரே "இனி வேறு வழியில்லை" என்று ஒத்துக்கொள்ளும் நாளில் அதைச் செய்தால் பாதி விலைதான் தேறும். இதற்கு ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் டிரெயில் பிளேசர்ஸ் அணியையும் அதன் நட்சத்திரம் டேமியன் லில்லர்டையும் விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சிறு சந்தை: எது சிறியது?

என்.பி.ஏ. எனப்படும் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் 30 அணிகள். நாடு முழுதும் ஒளிபரப்பும் தொலைக்காட்சி நிறுவனங்கள் தரும் பணம் எல்லா அணிகளுக்கும் சமமாகப் பிரிகிறது. 2025-26இல் தொடங்கிய 11 ஆண்டு ஒளிபரப்பு ஒப்பந்தத்தின் மதிப்பு ஏறத்தாழ 7,600 கோடி டாலர். அதில் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸுக்கும் போர்ட்லண்டுக்கும் ஒரே பங்கு. வித்தியாசம் உள்ளூர்த் தொலைக்காட்சி, விளம்பரதாரர்கள், டிக்கெட் விலை ஆகியவற்றில் வருகிறது. போர்ட்லண்ட், மில்வாக்கி, மெம்ஃபிஸ், ஓக்லஹோமா சிட்டி, சான் அன்டோனியோ போன்ற நகரங்களின் அணிகளைச் சிறு சந்தை அணிகள் என்று அழைப்பது இதனால்தான்.

ஆனால் பணத்தைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்து, எந்த அணியிலும் சேரும் சுதந்திரம் பெற்ற வீரரை 'ஃப்ரீ ஏஜென்ட்' என்கிறார்கள். அப்படிச் சுதந்திரமான பெரிய நட்சத்திரங்கள் பெரும்பாலும் பெரிய நகரங்களையே தேடிப் போகிறார்கள். 2018இல் லெப்ரான் ஜேம்ஸ் லேக்கர்ஸுக்குப் போனார். அடுத்த ஆண்டு கவாய் லெனர்ட் அதே நகரத்தின் கிளிப்பர்ஸ் அணியில் சேர்ந்தார். மழை பெய்யும் போர்ட்லண்டுக்கு அந்தத் தரத்தில் ஒருவர் தானாக வந்து கையெழுத்துப் போடுவார் என்று காத்திருப்பது வீண். 1977இல் அந்த அணிக்கு அதன் ஒரே கோப்பையை வென்று தந்த பில் வால்டன், 1980களின் நாயகன் கிளைட் டிரெக்ஸ்லர், லில்லர்ட் ஆகிய மூவரும் டிராஃப்ட் வழியாக வந்தவர்கள்.

டிராஃப்ட் என்பது ஆண்டுதோறும் புதிய இளம் வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி. பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றுக்குள் நுழையாத 14 அணிகளுக்குக் குலுக்கல் நடக்கும். கடைசி மூன்று இடங்களில் முடித்த அணிகளுக்கு முதல் இடம் கிடைக்கும் வாய்ப்பு தலா 14 சதவீதம். தோற்றவருக்கு முன்னுரிமை என்பது இதன் அடிப்படை.

ஆக, சிறு சந்தை அணிக்கு நட்சத்திரம் வரும் வாசல் பெரும்பாலும் ஒன்றுதான். இருக்கும் நட்சத்திரத்தை இழப்பதற்கு அஞ்சுவதும், அடுத்தவரைத் தேடத் தாமதிக்கக் கூடாது என்பதும் இந்த ஒரே காரணத்திலிருந்து கிளைப்பவை.

சம்பள உச்சவரம்பு

ஒரு அணி தன் வீரர்களுக்குத் தரும் மொத்தச் சம்பளத்துக்கு லீக் ஓர் அளவு வைத்திருக்கிறது. அதுதான் சம்பள உச்சவரம்பு. 2023-24இல் அது சுமார் 13.6 கோடி டாலர். உரிமையாளர் உலகக் கோடீஸ்வரராக இருந்தாலும் அதே அளவுதான். "சின்ன ஊர், பணமில்லை, அதனால் வீரரை வைத்துக்கொள்ள முடியவில்லை" என்ற பேச்சு பாதிதான் உண்மை என்பது இதிலேயே தெரியும். அதோடு, தன் பழைய வீரரைத் தக்கவைத்துக்கொள்ள அணி இந்த வரம்பைத் தாண்டலாம் என்று ஒரு விலக்கும் உண்டு. பாஸ்டனின் லாரி பேர்ட் பெயரால் அதைப் 'பேர்ட் உரிமை' என்கிறார்கள். சொந்த வீரரை வைத்துக்கொள்வதை விதிகளே ஆதரிக்கின்றன.

அப்புறம் சிக்கல் எங்கே? ஒரு தனி வீரருக்கு அதிகபட்சமாக எவ்வளவு தரலாம் என்பதையும் விதி நிர்ணயிக்கிறது. அவர் லீக்கில் ஆடிய ஆண்டுகளைப் பொறுத்துப் புதிய ஒப்பந்தத்தின் தொடக்கச் சம்பளம் உச்சவரம்பில் 25, 30 அல்லது 35 சதவீதம் வரை போகலாம். பிறகு ஆண்டுதோறும் உயரும். 2023-24இல் லில்லர்டின் சம்பளம் சுமார் 4.56 கோடி டாலர், அதாவது உச்சவரம்பில் மூன்றில் ஒரு பங்கு. வழக்கமான ஒப்பந்தத்தில் 15 பேர் இருக்கும் அணியில் ஒருவருக்கு மட்டும் இவ்வளவு.

மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை வாடகைக்குக் கொடுக்கும் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். வீடு அருமையானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் வாடகை ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது, கூரையோ கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகத் தொடங்குகிறது. மீதிப் பணத்தில்தான் சாப்பாடு, பள்ளிக்கூடம், மருந்து எல்லாம். வருமானம் உயர வழியே இல்லையென்றால் ஒரு கட்டத்தில் வீட்டின் மீதான பாசத்தைவிட வாடகை ரசீதுதான் பெரிதாகத் தெரியும்.

உச்சவரம்புக்கு மேலே ஆடம்பர வரிக்கோடு ஒன்றும் இருக்கிறது. 2023-24இல் அது சுமார் 16.5 கோடி டாலர். அதைத் தாண்டினால் லீக்குக்கு அபராதம் போல வரி கட்ட வேண்டும். கோப்பையை வெல்லும் நிலையில் உள்ள அணி முகம் சுளிக்காமல் கட்டும். பருவத்தின் 82 ஆட்டங்களில் 33 மட்டும் வெல்லும் அணி எதற்காகக் கட்ட வேண்டும்?

டிரேடில் கைமாறுவது என்ன?

ஐரோப்பியக் கால்பந்தைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அங்கே ஒரு வீரருக்குப் பத்து கோடி யூரோ விலை பேசிப் பணமாகவே வாங்கிக்கொள்ளலாம். என்.பி.ஏ.வில் அது நடக்காது. டிரேடில் கைமாறும் ரொக்கத்துக்குச் சிறிய வரம்பு உண்டு. கைமாறுபவை முக்கியமாக இரண்டு: வீரர்களின் ஒப்பந்தங்கள், எதிர்கால டிராஃப்ட் தேர்வு உரிமைகள். வீரர் போகும்போது அவரது சம்பளமும் மீதி ஆண்டுகளும் அப்படியே புதிய அணியின் கணக்கில் ஏறும். உச்சவரம்புக்கு மேலே இருக்கும் அணிகள் அனுப்பும் சம்பளமும் வாங்கும் சம்பளமும் ஏறக்குறையப் பொருந்தியாக வேண்டும். அதனால் 4.5 கோடி டாலர் வீரரைத் தருபவர், தமக்குத் தேவையே இல்லாத சம்பளங்களையும் கூடவே வாங்கிக்கொள்ள நேரிடும்.

டிராஃப்ட் உரிமைகளில் இரண்டு வகைகளைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று, முதல் சுற்றுத் தேர்வு உரிமையையே கொடுத்துவிடுவது. அது முதல் மூன்று இடங்களுக்குள் விழுந்தால் தரமாட்டோம் என்பது போல நிபந்தனை வைப்பதும் உண்டு. இரண்டாவது, இடமாற்று உரிமை: குறிப்பிட்ட ஆண்டில் உங்கள் இடம் என் இடத்தைவிட மேலானதாக இருந்தால் நான் மாற்றிக்கொள்வேன் என்பது. அடுத்தடுத்த இரு ஆண்டுகளின் முதல் சுற்று உரிமைகளையும் தாரை வார்த்துவிட்டு வெறுங்கையோடு நிற்கவும் லீக் அனுமதிப்பதில்லை. 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லண்ட் அணியின் உரிமையாளர் டெட் ஸ்டெபியன் டிராஃப்ட் உரிமைகளை அள்ளி இறைத்ததில் வந்த விதி அது. இன்றும் அவர் பெயரையே சுமக்கிறது. வரலாற்றில் இடம்பிடிக்க எத்தனையோ வழிகள்!

லில்லர்டே இப்படியொரு டிரேடின் விளைச்சல் என்பது பலருக்கு மறந்துவிட்டது. 2012 மார்ச்சில் போர்ட்லண்ட், ஜெரால்ட் வாலஸ் என்ற நல்ல வீரரை நெட்ஸ் அணிக்கு அனுப்பியது. பதிலுக்கு வந்தவற்றில் ஒன்று, முதல் மூன்றுக்குள் விழாத பட்சத்தில் கிடைக்கும் முதல் சுற்று உரிமை. அது 6ஆம் இடத்தில் விழுந்தது. அந்த இடத்தில்தான் வீபர் ஸ்டேட் என்ற அதிகம் பேசப்படாத பல்கலைக்கழகத்தின் லில்லர்டைப் போர்ட்லண்ட் எடுத்தது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்தால்: நட்சத்திரத்தை அனுப்பும் அணிக்கு இன்னொரு நட்சத்திரம் திரும்பி வருவதில்லை. வருவது வாய்ப்புகள். அவற்றில் சில பொன்னாகும், பல பொய்த்துப்போகும்.

விலை எதைப் பொறுத்தது?

மூன்று விஷயங்களை. வீரரின் வயது, ஒப்பந்தத்தில் மீதமிருக்கும் ஆண்டுகள், கேட்டு வரும் அணிகளின் எண்ணிக்கை. திறமையைப் பட்டியலில் சேர்க்காததற்குக் காரணம், நாம் பேசுவதே நட்சத்திரங்களைப் பற்றி என்பதுதான்.

ஒப்பந்தம் தீரும்வரை காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓக்லஹோமா சிட்டி சாட்சி. 2016இல் கெவின் டூரன்ட் ஃப்ரீ ஏஜென்டாகக் கோல்டன் ஸ்டேட் அணிக்குப் போனபோது அந்த அணிக்குப் பதிலாக எதுவும் கிடைக்கவில்லை. பட்ட பாடு பாடமானது. 2019இல் பால் ஜார்ஜைக் கிளிப்பர்ஸுக்கு அனுப்பி ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டரையும் ஐந்து முதல் சுற்று உரிமைகளையும் வாங்கியது. அதே மாதம், 11 ஆண்டுகள் அந்த ஊருக்காகவே ஆடிய ரசல் வெஸ்ட்புரூக்கையும் ஹூஸ்டனுக்கு அனுப்பியது. கிளிப்பர்ஸ் தந்த உரிமைகளில் ஒன்று 2022இல் 12ஆம் இடத்தில் ஜேலன் வில்லியம்ஸ் ஆனது. 2025இல் ஓக்லஹோமா சிட்டி கோப்பையை வென்றது.

இதைப் படித்துவிட்டு "பார்த்தீர்களா, டிரேட்தான் மருந்து" என்று எழுந்துவிட வேண்டாம். மின்னசோட்டா கதையும் இருக்கிறது. பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு 1995இல் வந்த கெவின் கார்னெட்டை 2007இல் 31 வயதில் பாஸ்டனுக்கு அனுப்பியது அந்த அணி. ஐந்து வீரர்கள், இரண்டு முதல் சுற்று உரிமைகள் வந்தன. கார்னெட் மறு ஆண்டே பாஸ்டனில் சாம்பியன். மின்னசோட்டாவோ 2018வரை பிளேஆஃபை எட்டிப் பார்க்கவில்லை. 2009 டிராஃப்டில் 5ஆம், 6ஆம் இடங்கள் இரண்டும் கையில் இருந்தும் ரிக்கி ரூபியோ, ஜானி ஃப்ளின் ஆகியோரை எடுத்தது. 7ஆம் இடத்தில் போனவர் ஸ்டீஃபன் கரி. விதை நெல் கிடைத்தாலும் விதைக்கத் தெரிய வேண்டும்.

போர்ட்லண்டில் நடந்தது

2014 முதல் 2021 வரை போர்ட்லண்ட் எட்டு ஆண்டும் தவறாமல் பிளேஆஃபுக்கு வந்தது. அதில் முதல் சுற்றைத் தாண்டியது மூன்று முறைதான். உச்சம் 2019. ஓக்லஹோமா சிட்டிக்கு எதிரான ஐந்தாவது ஆட்டத்தில், கடைசி நொடியில், கூடையிலிருந்து 37 அடி தூரத்தில் நின்று லில்லர்ட் எறிந்த பந்து உள்ளே விழுந்து தொடரையே முடித்தது. அன்று அவர் எடுத்தது 50 புள்ளிகள். அரங்கமே அவர் மேல் பாய்ந்தது, அவர் முகத்தில் சிரிப்புகூட இல்லை. பிறகு மேற்குப் பிரிவு இறுதியில் கோல்டன் ஸ்டேட்டிடம் 0-4. அதற்கு மேல் அந்த அணி போகவில்லை.

2022 பிப்ரவரியில், லில்லர்ட் அறுவை சிகிச்சை முடிந்து ஓய்வில் இருந்தபோது, ஒன்பதாவது ஆண்டாக அவரோடு ஆடிக்கொண்டிருந்த சி.ஜே. மெக்கலமைப் போர்ட்லண்ட் அனுப்பிவிட்டது. அந்தப் பருவத்தில் 27 வெற்றி, 55 தோல்வி. பழைய அணி கலைந்துவிட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்த நேரம். அப்போதும் லில்லர்டை வைத்துக்கொண்டது மட்டுமல்ல, ஜூலையில் மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 12.2 கோடி டாலருக்கு ஒப்பந்தத்தை நீட்டித்தது. அவருக்கு 36 வயது முடியும்போதும் ஓடக்கூடிய ஒப்பந்தம்.

தவறு நடந்த இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். அதே கோடையில் சந்தை எப்படி இருந்தது என்று பாருங்கள். இன்னொரு சிறு சந்தை அணியான யூட்டா, ஒன்பது ஆண்டுகள் தன்னிடம் ஆடிய, 30 வயது ரூடி கோபெரை மின்னசோட்டாவுக்கு அனுப்பி நான்கு முதல் சுற்று உரிமைகளையும் கூடவே வீரர்களையும் வாங்கியது. டானவன் மிட்செலை கிளீவ்லண்டுக்கு அனுப்பி மூன்று முதல் சுற்று உரிமைகள், இரண்டு இடமாற்று உரிமைகள், லாரி மார்க்கனன் உள்ளிட்ட வீரர்கள் என்று அள்ளியது. வாங்குபவர்கள் பித்துப் பிடித்தது போல இருந்த கோடை அது. போர்ட்லண்ட் கடையைத் திறக்கவில்லை.

அடுத்த பருவத்தில் லில்லர்ட் ஆட்டத்துக்கு 32.2 புள்ளிகள் எடுத்தார், அவர் வாழ்க்கையிலேயே அதிகம். ஹூஸ்டனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 71. அணி வென்றது 33தான். தோற்றதால் டிராஃப்டில் 3ஆம் இடம் கிடைத்தது. அதைக் கொடுத்து அனுபவசாலி ஒருவரை வாங்குவதா, இளைஞரை எடுப்பதா என்ற கேள்வியில் அணி 19 வயது ஸ்கூட் ஹென்டர்சனை எடுத்தது. 19 வயதுக்காரர் முதிர 33 வயதை நெருங்குபவர் காத்திருக்க முடியுமா? ஒரே அணிக்குள் இரண்டு கடிகாரங்கள் ஓடின. 2023 ஜூலை 1 அன்று லில்லர்டே டிரேட் கேட்டார்.

செப்டம்பர் 27 அன்று மூன்று அணிகள் சேர்ந்த டிரேடில் அவர் மில்வாக்கிக்குப் போனார். போர்ட்லண்டுக்கு வந்தவை: ஜூரூ ஹாலிடே, டியான்ட்ரே எய்ட்டன், டூமானி கமாரா, மில்வாக்கியின் 2029 முதல் சுற்று உரிமை, 2028க்கும் 2030க்கும் இடமாற்று உரிமைகள். கோபெருக்கு வந்த நான்கோடு ஒப்பிட்டால் முதல் பார்வைக்கு ஏமாற்றம்தான். ஆனால் சில நாட்களிலேயே ஹாலிடேயைப் பாஸ்டனுக்கு அனுப்பி மால்கம் பிராக்டன், ராபர்ட் வில்லியம்ஸ், இன்னும் இரண்டு முதல் சுற்று உரிமைகள் என்று மாற்றிக்கொண்டது. 2024இல் அந்த பிராக்டனையும், அந்த உரிமைகளில் ஒன்றான 14ஆம் இடத்தையும், வேறு சில உரிமைகளையும் வாஷிங்டனுக்குக் கொடுத்து டெனி அவ்டியாவை வாங்கியது. பெட்டியின் அடியில் கிடந்த கமாரா, 52ஆம் இடத்தில் எடுக்கப்பட்டவர், 2025இல் லீக்கின் சிறந்த தற்காப்பு வீரர்களுக்கான இரண்டாம் அணியில் இடம்பெற்றார். பட்டியலில் பெரிய பெயராக இருந்த எய்ட்டனையோ அதே ஆண்டு ஒப்பந்தத்தை முடித்து அனுப்பிவைக்க வேண்டியதாயிற்று. டிரேட் நடந்த அன்றே "யார் வென்றார்" என்று மதிப்பெண் போடுபவர்களை நான் நம்பாததற்கு இந்த இருவரே போதும்.

முதல் ஆண்டு 21 வெற்றி, 61 தோல்வி. அடுத்த ஆண்டு 36 வெற்றி. மில்வாக்கி இரண்டு ஆண்டும் பிளேஆஃபின் முதல் சுற்றிலேயே இண்டியானாவிடம் வெளியேறியது. 2025 ஏப்ரலில் லில்லர்டுக்குக் குதிகால் தசைநார் அறுந்தது. மில்வாக்கி அவரை விடுவித்து, மீதிச் சம்பளமான சுமார் 11.3 கோடி டாலரை ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்துத் தன் கணக்கில் எழுதிக்கொண்டது. 2022இல் போர்ட்லண்ட் கையெழுத்திட்ட நீட்டிப்பின் சுமை கடைசியில் வந்து உட்கார்ந்த இடம் மில்வாக்கி.

வைத்துக்கொண்டு வென்றவர்கள்

மில்வாக்கியே 2020 டிசம்பரில் யானிஸ் ஆன்டெட்டோகும்போவை ஐந்து ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்தது, 2021இல் கோப்பையை வென்றது. இறுதி ஆட்டத்தில் அவர் எடுத்தது 50 புள்ளிகள். சான் அன்டோனியோவில் டிம் டங்கன் 19 பருவங்கள், ஐந்து கோப்பைகள். "பார்த்தீர்களா" என்று இப்போது மறுசாரார் எழுவார்கள். கையெழுத்திட்டபோது யானிஸுக்கு 26 வயது, உச்சம் இனிமேல்தான் என்ற நிலை. 26 வயது நட்சத்திரத்தை அனுப்பச் சொல்பவர் கணக்குத் தெரியாதவர்.

இண்டியானாவின் ரெஜி மில்லர் வேறு வகை. 18 பருவங்கள், ஒரே அணி, ஒரு கோப்பைகூட இல்லை. ஆனாலும் அந்த ஊர் அவரைக் கொண்டாடுகிறது. கோப்பை இல்லாத விசுவாசத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு என்று ஓர் உரிமையாளர் தெரிந்தே முடிவெடுத்தால் அதில் குறை காண எனக்கு மனமில்லை. கோப்பைக்காகவே வைத்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு அதைச் செய்வதுதான் ஏமாற்று.

விசுவாசம் யாருக்கு, எவ்வளவு?

2023 கோடையில் லில்லர்ட் கேட்டது வெறும் டிரேட் அல்ல. மயாமிக்குப் போக வேண்டும் என்றார். பதினோரு ஆண்டு உழைத்தவர் கேட்கக் கூடாதா என்று பலருக்குத் தோன்றியது. ஆனால் கேட்டு வரும் அணிகளின் எண்ணிக்கைதான் விலை என்பதை நினைவில் வைத்தால், ஒரே அணிக்குத்தான் போவேன் என்பது பழைய அணியின் கையைக் கட்டுவதாகும். பொது மேலாளர் ஜோ குரோனின் மூன்று மாதம் வாய் திறக்காமல் காத்திருந்து வேறு அணிக்கு அனுப்பினார். அதை நன்றிகெட்ட செயல் என்றவர்கள் உண்டு. ஒப்பந்தத்தின்படி ஒவ்வொரு டாலரையும் கொடுத்து வந்த அணிக்கு, கடைசியில் தன் நலனைப் பார்க்கும் உரிமையும் உண்டு என்பது என் எண்ணம்.

2025 ஜூலையில், காயத்தோடு, லில்லர்ட் மூன்று ஆண்டுகளுக்கு 4.2 கோடி டாலருக்குப் போர்ட்லண்டுக்கே திரும்பினார். அதே கோடையில் ஜூரூ ஹாலிடேயும் இன்னொரு டிரேடில் அங்கேயே வந்து சேர்ந்தார் என்பது இந்த விளையாட்டின் குறும்பு. லில்லர்டின் புதிய ஒப்பந்தத்தில், அவர் சம்மதமில்லாமல் டிரேட் செய்யக் கூடாது என்ற பிரிவு இருக்கிறது. லீக்கில் எட்டு ஆண்டும், அதில் நான்கு அந்த அணியிலும் ஆடியவர்கள்தான் அதைக் கேட்கவே முடியும். மிகச் சிலரிடமே இருக்கிறது. 2023இல் அவரிடம் அது இருந்திருந்தால் அவர் மயாமிக்குப் போயிருப்பார், மயாமி தருவதை வாங்கிக்கொண்டு போர்ட்லண்ட் பேசாமல் இருந்திருக்கும். கமாராவும் அவ்டியாவும் இன்று வேறு ஏதோ ஓர் ஊரின் சட்டையில் ஆடிக்கொண்டிருப்பார்கள்.